பாடு குரூப்புக்கு நீலமேகம் அனுப்பிய வீடியோ

நீலமேகத்தின் போனில் யூடியூபைத் திறந்தால் இன்றைக்கும் முதலில் வந்து நிற்பவர்கள் வைத்தியர்கள்தான். துண்டு போர்த்தியவர், வெள்ளைக் கோட்டு மாட்டியவர், முதுகுக்குப் பின்னால் பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பவர் என்று விதவிதமாக வருகிறார்கள். தீராத நோய் எதுவானாலும் தீர்த்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அவர் ஒவ்வொருவரையும் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போவார். எப்போதோ ஒரு மத்தியானம் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு அந்தப் போன் இன்னும் பதில் சொல்லி ஓயவில்லை.

கோட்டைக்குப்பத்தில் போனைப் பார்த்துக் காற்று சொல்ல ஆரம்பித்த முதல் ஆள் நீலமேகம். பத்தாவது வரை படித்தவர், நாற்பதைத் தாண்டியவர். வானிலை அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்து, அதில் இருக்கிற அச்சுத் தமிழை ஊர்ப் பேச்சுக்கு மாற்றி, வாட்ஸப்பில் போடுவார். படகைத் தள்ளும்போது கரையிலிருந்து குரல் வரும்.

"மேகம், இன்னா சொல்து உன் போனு?"

"மத்தியானத்துக்கு மேல காத்து திரும்புது. வலைய சீக்கிரம் தூக்கினு வந்துடு."

சொன்னபடி காற்று திரும்பும். இரண்டு முறை புயல் வருவதற்கு முன்னால் அவர் போட்ட செய்தியைப் பார்த்துத்தான் படகுகள் மேட்டில் ஏறின. அதனால் அவர் எதைப் போட்டாலும் குப்பத்தில் மறு பேச்சு கிடையாது.

அவர் செய்திகளைப் போடும் குழுவுக்குப் பாடு குரூப் என்று பெயர். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றால் முறை. எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி வைத்திருக்கும் ஏற்பாடு. பாடு வந்த அன்றைக்கு ஒரு வலைக்கு ஆறேழு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கழி நட்டு, வலையை வளைத்துக் கட்டி, இறாலை வாருவார்கள். இறாலின் தலைமுள் விரலைக் கிழிக்கும். நண்டு கவ்வும். காலடியில் சிப்பி ஓடு குத்தும். ரத்தம் வராத கை எந்த வலையிலும் இல்லை. யாரும் அதைக் கவனித்ததும் இல்லை, நீலமேகத்தின் தம்பி தீனா ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் வரை.

தீனாவுக்கு முப்பது நெருங்கியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. சில வருடம் வெளியூர் விசைப்படகுகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, அண்ணனோடு ஒரே வலையில் இறங்கிக்கொண்டிருந்தான். காலில் கழி குத்திய புண் ஆறாமல் இருக்கவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வந்த அன்று, அண்ணனும் தம்பியும் மட்டும் படகில் இருந்தபோது, ஏரி நடுவில் எஞ்சினை நிறுத்தினான்.

"ண்ணா, ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க."

"சக்கரையா?"

"இல்ல. எச்ஐவி."

நீலமேகம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "வேற யாரோட ரத்தத்தையாவது மாத்தி கீத்திப் பாத்துட்டாங்களா?" என்றார்.

"திரும்பத் திரும்பப் பாத்துட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்லனு மார்கரெட் மேடம் சொல்லிச்சு. அங்க நம்பிக்கை மையம்னு ஒண்ணு கீது, அதுல கீறாங்க அவங்க. தெனிக்கும் ஒரு மாத்திரை. அத்த உடாம போட்டா..."

"சரி, சரி. வாய மூடு. யாராண்டயும் சொல்லாத. நான் பாக்கறேன்."

நான் பார்க்கிறேன் என்று நீலமேகம் சொன்னால், போனில் பார்க்கிறேன் என்றுதான் அந்த வீட்டில் அர்த்தம். தீனா பாதியில் நிறுத்திய வாக்கியத்தை முடிக்கவில்லை. எஞ்சினைக் கிளப்பினான்.

அன்று மத்தியானம், கரையேற்றிக் கிடந்த படகின் மறைவில் உட்கார்ந்து நீலமேகம் போனிடம் மெதுவாகக் கேட்டார்: எச்ஐவி ரத்தம் தண்ணீரில் கலந்தால் அடுத்தவனுக்கு வருமா?

முதலில் வந்தது அரசாங்கத்தின் பக்கம். அதைத் திறந்தார், படிக்கவும் படித்தார். கை குலுக்குவதால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது, கொசு கடிப்பதால் பரவாது, ஒன்றாகக் குளிப்பதால் பரவாது என்று வரிசையாக எழுதியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தில் வலையைத் தேடினார். இறால் முள்ளைத் தேடினார். ஆறு பேர் கையும் ஒரே கயிற்றில் கிழிவதைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று கீழே வரைக்கும் போனார். இல்லை. இது மேசை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு எழுதியது என்று முடிவு கட்டி மூடிவிட்டார்.

அடுத்தது ஒரு வீடியோ. பல லட்சம் பேர் பார்த்தது. ஆற்றங்கரையில் நின்று பேசிய வைத்தியர், "ஒரே தண்ணில எறங்கினாலே போதும், ஒரு சின்னக் கீறல் வழியா உள்ள போயிடும்" என்றார். ஆஸ்பத்திரி மாத்திரை சிறுநீரகத்தை அரித்துவிடும் என்றார். அவருடைய லேகியத்தைச் சாப்பிடுவதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட், சாப்பிட்ட பிறகு எடுத்த ரிப்போர்ட் என்று இரண்டு தாள்களை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

அந்தக் காட்டலில்தான் நீலமேகம் விழுந்தார். ஏரியில் மீன் எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்கிறவனை யாரும் நம்புவதில்லை. நிறையப் பிடித்தவன் இல்லை என்பான், பிடிக்காதவன் அளப்பான். கூடைக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் அந்தப் பக்கம் வலை போகும். அரசாங்கத்தின் பக்கம் வெறுமனே சொல்லியது. இந்த ஆள் கூடையைத் திறந்து காட்டினார்.

லேகியம் தபாலில் வந்தது. தீனா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாத்திரைய நிறுத்தக் கூடாதுனு மேடம் சொல்லிச்சே ண்ணா. தண்ணிலயும் பரவாதாம். நான் கேட்டேன்."

"அந்தம்மா இறால் வாரிக்கீதாடா? நம்ம கை எப்டிக் கிழியும்னு அதுக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா..."

"நான் இதுவரைக்கும் சொன்ன காத்து எதுனா தப்பியிருக்கா? சொல்லு."

அண்ணன் சொன்ன காற்று தப்பியதில்லை. மாத்திரையை நிறுத்தினான். லேகியத்தைத் தின்றான்.

அத்தோடு விட்டிருந்தால்கூட ஒரு வீட்டோடு போயிருக்கும். ஆனால் நீலமேகம் கூட இறங்குகிறவர்களை நினைத்தார். கூட இறங்குகிற கங்காதரன் மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மற்றவர்களுக்கு ஆகிவிட்டால்? புயல் வருவது தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறவன் மனுஷனா? தம்பி பெயரைச் சொல்லாமல், பொது எச்சரிக்கை மாதிரி, அந்த வீடியோவைப் பாடு குரூப்பில் போட்டார். மேலே, 'எல்லாரும் உஷாரா இருங்க' என்று ஒரு வரி எழுதினார்.

கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'பேஜாரான நோவுப்பா' என்று ஒருவர் எழுதினார். வலையில் மூத்தவரான கங்காதரன் குரல் செய்தி அனுப்பினார்: "மேகம் போட்டா கரீட்டாத்தான் இருக்கும். வெளியூர் படகுக்குப் போய் வந்தவன எல்லாம் வலைக்கு இட்டாறாதீங்கப்பா, நல்லா விசாரிச்சிக்கினு சேருங்க." அந்த வாரத்துக்குள் வீடியோ ஏரியோரத்து இன்னொரு ஊரான சுண்ணாம்புக்குளம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

தீனாவும் பாடு குரூப்பில் இருந்தான்.

அடுத்த பாடு வந்தபோது நீலமேகம் தம்பியைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. கால் புண்ணைக் காரணம் சொன்னார். வலைக்கு ஆள் குறையக் கூடாது என்பதால் தன் மனைவி கீதாவின் தம்பி சுரேஷை இறக்கினார். தீனா கரையில் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மாப்ள, தண்ணி குளுருதா?" என்று கங்காதரன் கத்தினார். "பொண்ணு மாதிரி கால மடிச்சி உக்காந்துகினுகீற!"

வலையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நீலமேகமும் சிரித்தார், சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று.

புண் ஆறியது. அதற்கடுத்த பாடு வந்தபோதும் சுரேஷ்தான் இறங்கினான். வீட்டில் கீதா, லேகிய டப்பாவைப் பார்த்து ஊகித்து, யாரும் சொல்லாமலேயே, தீனாவின் தட்டையும் தம்ளரையும் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஒரு நாள் காலையில் தீனா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஆந்திரா பக்கம் இறால் பண்ணையில ஆள் கேக்கறாங்க. போறேன் அண்ணி."

"அண்ணன் வந்துடட்டுமே" என்றாள் கீதா.

"அவுருக்குத் தெரியும்."

நீலமேகத்துக்குத் தெரியாது. ஆனால் வந்து கேள்விப்பட்டபோது அவர் நெஞ்சில் முதலில் ஏறியது நிம்மதிதான். இப்போது எதை நினைத்து அதிகம் வருந்துகிறீர்கள் என்று யாராவது கேட்டால், வீடியோவுக்கு முன்னால் அவர் இந்த நிம்மதியைத்தான் சொல்வார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"நீலமேகம் சாரா? நான் மார்கரெட், நம்பிக்கை மையத்துலேருந்து. தீனா ஆந்திராவுலேருந்து திரும்பி வந்து இங்க ஆஸ்பத்திரில சேர்ந்திருக்கார். பேசட்டுமான்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் பேசறேன். டிபி வந்திருக்கு. நீங்க வந்தா நல்லா இருக்கும்."

பொன்னேரி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து மாறிப் போனார். கட்டிலில் கிடந்தவனைத் தாண்டி இரண்டு கட்டில் நடந்துவிட்டு, "ண்ணா" என்ற குரலைக் கேட்டுத்தான் திரும்பினார். வலைக்கழியை ஒற்றைக் கையால் பிடுங்குகிற தோள் அது. சட்டைக்குள் எலும்பு தெரிந்தது.

மார்கரெட் அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி நீலமேகம் எதிர்பார்க்காதது.

"உங்க வலையில எத்தனை பேர் எறங்குவீங்க? கை எப்படிக் கிழியும்? எனக்கு அது தெரியாது, சொல்லுங்க."

நீலமேகம் சொன்னார். கயிறு, கழி, தலைமுள், எல்லாவற்றையும். மார்கரெட் நடுவில் பேசாமல் கேட்டார்.

"ஏரித் தண்ணியாலயும் வலையாலயும் இது பரவாது சார். உடம்ப விட்டு வெளிய வந்தா அந்தக் கிருமியால தாக்குப்பிடிக்க முடியாது. கை கிழிஞ்சா கழுவிட்டுக் கட்டுப் போடுங்க, அது எல்லாருக்கும்தான். மாத்திரைய விடாம சாப்பிட்டா, டெஸ்ட்ல தேடினாலும் கெடைக்காத அளவுக்குக் கிருமி அடங்கிடும். அப்படி அடங்கியே இருந்தா கூடப் படுக்கறவங்களுக்கே பரவாது. கூட வலை இழுக்கறவங்களுக்கு எங்கேருந்து வரும்?"

நீலமேகம் போனை எடுத்து வீடியோவைக் காட்டினார். மார்கரெட் கடைசி வரை பார்த்தார்.

"ரிப்போர்ட்ல பேர் இல்ல. எந்த லேப்னு இல்ல, தேதியும் இல்ல. கீழ லேகியத்துக்கு ஆர்டர் நம்பர் மட்டும் இருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "புயலுக்கு நீங்க எங்க பாப்பீங்க? தீனா சொன்னார், ஊருக்கே நீங்கதானாமே."

"வானிலை ஆபீஸ் போடறத."

"யூடியூப்லயும்தான் நிறைய பேர் புயல் சொல்றாங்க?"

"அவன் நாலு பேர் பாக்கணும்னு சொல்லுவான். ஆள் பயந்தாத்தான் அவனுக்குப் பொழப்பு. அத்தப் போய்..."

நீலமேகம் அங்கே நிறுத்திக்கொண்டார். மார்கரெட், சந்தேகம் வந்தால் எச்ஐவி உதவி எண் 1097-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

கட்டிலுக்குத் திரும்பி வந்து, தான் இப்போது கேட்டதையெல்லாம் தம்பியிடம் ஒப்பித்தார். தண்ணீரில் பரவாதாம், வலையில் பரவாதாம், மாத்திரை போட்டால் அடங்கிவிடுமாம். தீனா இருமி முடித்துவிட்டுச் சொன்னான்:

"இதெல்லாம் எனக்கு மொத நாளே சொல்லிட்டாங்க ண்ணா. அன்னிக்குப் படகுல அத்தத்தான் சொல்ல வந்தேன். நீ எவன் எவனையோ கேட்ட. என்னக் கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட அவனுக்குத் தெம்பு இல்லை. நீலமேகம் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஏரியில் எந்த இடத்தைப் பற்றியும் கடைசியாக அங்கே இறங்கியவனைக் கேட்காமல் அவர் வலை போட்டதில்லை.

தீனா பிழைத்துக்கொண்டான். டிபி மருந்து முடிந்தது. எச்ஐவிக்கான கூட்டு மருந்தை மறுபடி தொடங்கி, இப்போது விடாமல் சாப்பிடுகிறான். உடம்பு தேறிவிட்டது, பழைய தோள் மட்டும் திரும்பவில்லை. திருவள்ளூர் பக்கம் ஒரு செடி விற்கிற நர்சரியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

அவனைத் திரும்பக் கூட்டிவர நீலமேகம் தனக்குத் தெரிந்த வழியில் முயன்றார். அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றுச் செய்தியை எழுதுவது போலவே, ஊர்ப் பேச்சில் எழுதினார்: 'எச்ஐவி தண்ணில பரவாது. வலைல பரவாது. ஒரே தட்டுல துன்னா வராது. ஆஸ்பத்திரி மாத்திரைய உடக் கூடாது. நான் மின்ன போட்ட வீடியோ பொய்யி. சந்தேகம் இருந்தா 1097.' பாடு குரூப்பில் போட்டார்.

ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, சுரேஷிடமிருந்து. அதற்குக் கீழேயே வேறொருவர் முகத்துவாரத்தில் மண் மேடு ஏறிவிட்டதாகப் படம் போட, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுநாள் வலை பழுது பார்க்கும் இடத்தில் கங்காதரன் நேரே வந்து நின்றார்.

"இன்னா மேகம், அன்னிக்கு வரும்னு போட்ட, இன்னிக்கு வராதுனு போடற. எதுப்பா மெய்யி?"

"இன்னிக்குப் போட்டதுதான் மாமா. அது பொய்யி."

"அது பொய்யினா அத்த ஏன் போட்ட? அந்த ஆளு ரிப்போர்ட்ட எடுத்துக் காட்னானே, நாங்கல்லாம் பாத்தோமே."

"அது அவனே செஞ்சது மாமா."

"உனுக்கு எப்டித் தெரியும்?" கங்காதரனின் கண் சுருங்கியது. "இன்னாடா திடீர்னு இந்த நோவப் பத்தியே பேசற? யாருக்குன்னா வந்துக்கீதா?"

வலை ஊசி நீலமேகத்தின் கையில் நின்றது. கூடையைத் திறந்து காட்டினால் மாமா நம்புவார். என் தம்பி, உன்னோடு ஒரே கயிற்றைப் பிடித்தவன், உன் கையும் அவன் கையும் சேர்ந்தே கிழிந்திருக்கிறது, உனக்கு ஒன்றும் வரவில்லை, பார் என்று சொல்லலாம். ஆனால் அது தீனாவுடைய விஷயம். சொல்லலாமா என்று அவனைக் கேட்டிருக்கவில்லை. இந்த முறையாவது கேட்காமல் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

"யாருக்கும் இல்ல மாமா. சும்மா படிச்சேன்."

"அப்ப உடு. பொழுதன்னிக்கும் கலீஜான பேச்சு. நாளைக்குக் காத்து எப்டி, அத்தச் சொல்லு."

காற்று சொன்னார்.

புயல் திசை மாறினால் அடுத்த செய்தியில் திருத்திப் போடுவார், யாரும் குறை சொன்னதில்லை. இதற்கு அந்த வழக்கம் செல்லவில்லை. போன மாதம் அந்த வீடியோவே அவருக்குத் திரும்பி வந்தது. ஆந்திராவில் சூலூர்ப்பேட்டைப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், மேலே தெலுங்கில் இரண்டு வரி சேர்த்து, பலமுறை பகிரப்பட்டது என்ற குறியோடு அனுப்பியிருந்தார். அவருக்கு நீலமேகம் நீளமாகப் பதில் எழுதினார். சரி என்று ஒரு வார்த்தை வந்தது. இதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ, அவர்களுக்கு யார் பதில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

தம்பியிடம் போனில் ஒருமுறை கேட்டேவிட்டார்.

"வந்துடுடா. சுரேஷ நான் நிறுத்திக்கறேன். அது உன் பாடு."

"வந்தா யார் ண்ணா எங்கூட எறங்குவா? நீ எறங்குவ. மீதி பேரு?"

"நான் சொல்றேன் அவங்களாண்ட. உனுக்குச் சம்மதம்னா சொல்றேன்."

நர்சரியில் தீனா தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"வாணாம் ண்ணா. நீ ஏற்கெனவே சொன்னது போதும்."

அதற்குப் பிறகு நீலமேகம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தீனா மாத்திரை வாங்கப் போய்வரும் நாளை நினைவில் வைத்திருந்து, அன்று சாயங்காலம் அழைப்பார். ஏரிச் செய்தி, இறால் நிலவரம் எதையும் முதலில் சொல்ல மாட்டார்.

"இன்னாடா சொன்னாங்க ஆஸ்பத்திரில?"

"நல்லா கீறேன்னு சொன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல ண்ணா."

"டெஸ்ட் எதுனா எடுத்தாங்களா? அதுல இன்னா வந்திச்சி? எனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"எல்லாம் கரீட்டா கீது. வெக்கட்டா? வேல கீது."

இணைப்பு போன பிறகும் நீலமேகம் போனைக் காதிலேயே வைத்திருப்பார். அன்றைக்கு ஏரி நடுவில் அவன் சொல்ல வந்தது எவ்வளவோ இருந்தது. இப்போது எவ்வளவு கேட்டாலும் இவ்வளவுதான் சொல்கிறான்.